குடிக்கூலியும் பசியும்

பசி என்றவுடன் நம் மனம் வானத்தை நோக்குவதே வழக்கம். மழை பொய்த்தது, ஆறு வறண்டது, விளைச்சல் குன்றியது, தானியத்தின் விலை ஏறியது, ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள் என்ற வரிசையில்தான் பஞ்சங்களின் சரித்திரத்தை நாம் படித்திருக்கிறோம். ஆகையால், களஞ்சியங்கள் நிரம்பி வழியும் ஒரு தேசத்தில், கடைத்தெருவில் எந்தப் பண்டத்துக்கும் குறைவில்லாத ஒரு நகரத்தில், தினமும் வேலைக்குப் போய்க் கூலி வாங்கி வரும் மனிதனின் வீட்டில் மாதக் கடைசியில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டால், அவனுடைய ஊதாரித்தனமோ அவன் மனைவியின் அறியாமையோதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பதைச் சென்ற ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் புள்ளிவிவர நிபுணர்களும் வைத்தியர்களும் படிப்படியாக நிரூபித்து வந்திருக்கிறார்கள். சமையலறையில் தோன்றும் பசியின் மூலத்தை அவர்கள் தேடிக் கொண்டு போனபோது, அது பல இடங்களில் குடியிருக்கும் வீட்டின் வாடகையில் போய் நின்றது.

1857-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் சாக்ஸனி ராஜ்யத்தில் புள்ளிவிவர இலாகாவின் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் எங்கல் என்பவர், பெல்ஜியம் தேசத்துத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளை ஆராய்ந்து, ஒரு குடும்பம் எவ்வளவுக்கு ஏழையோ அவ்வளவுக்கு அதன் வருமானத்தில் பெரும் பங்கு உணவுக்கே போய்விடுகிறது என்ற விதியை வெளியிட்டார். பொருளாதாரம் படிக்கும் மாணவர் அனைவரும் இதை அறிவர். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1868-இல், பெர்லின் நகரத்தின் கணக்குகளைக் கொண்டு ஹெர்மன் ஷ்வாபே என்பவர் அதே போன்ற மற்றொரு விதியைக் கூறினார். வருமானம் குறையக் குறைய அதில் வாடகை விழுங்கும் பங்கும் ஏறிக்கொண்டே போகிறது என்பது அது. இவ்விரண்டாவது விதி முதலாவதைப் போலக் கீர்த்தி பெறவில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஏழையின் சங்கடம் விளங்கும். உணவுக்கும் பெரும் பங்கு வேண்டும், வாடகைக்கும் பெரும் பங்கு வேண்டும். இரண்டுக்கும் போதுமான மொத்தமோ அவனிடம் இல்லை. அப்படியானால் இரண்டில் எது விட்டுக்கொடுக்கும்?

இங்கிலாந்தில் யார்க் நகரத்து ஏழைகளைப் பற்றி ஆராய்ந்து 1901-இல் நூல் வெளியிட்ட சீபோம் ரவுண்ட்ரீ, தந்தை, தாய், மூன்று குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம் உடல் நலம் கெடாமல் ஜீவிப்பதற்கு வாரம் ஒன்றுக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று கணக்கிட்டார். அதில் உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், உடை விளக்கு விறகு முதலியவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். உணவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவர் சாஸ்திர முறைப்படி சரீரத்தின் தேவையிலிருந்து கணித்தார். வாடகைக்கு மட்டும் அப்படிக் கணிக்க முடியாமல், ஒவ்வொரு குடும்பமும் உண்மையில் என்ன கொடுத்து வந்ததோ அதையே அவசியமான தொகை என்று ஏற்றுக்கொண்டார். நியாயமான வாடகை இன்னதென்று நிர்ணயித்து, அந்த வாடகைக்கு வீடு கிடைக்கும் என்று பாவித்துக்கொள்வது பொய்க் கணக்காகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

விட்டுக்கொடுப்பது எது என்ற கேள்விக்குத் திட்டமான விடை, எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் நதிக்கரையில் ஸ்டாக்டன் என்றொரு தொழில் நகரம் இருக்கிறது. நீராவி இழுத்த ரயில் 1825-இல் டார்லிங்டன் பக்கமிருந்து வந்து சேர்ந்த ஊர் அது. உரசினால் பற்றும் தீக்குச்சியை முதன்முதலில் விற்ற ஜான் வாக்கர் என்ற மருந்துக் கடைக்காரரின் ஊரும் அதுவே. கப்பல் கட்டும் துறைகளும் இரும்பாலைகளும் நிறைந்த அந்நகரில் தொழிலாளர்கள் குடியிருந்த சந்துகள் மிகவும் கேவலமான நிலையில் இருந்தபடியால், நகரசபையார் 1927-இல் ஹவுஸ்வைஃப் லேன் என்ற சேரியை இடித்து, அங்கிருந்த 152 குடும்பங்களை, அதாவது 710 பேரை, மவுண்ட் பிளசன்ட் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். புது வீடுகளில் குளியலறை உண்டு. உணவுப் பொருள் வைக்கக் காற்றோட்டமான அறை உண்டு. நல்ல அடுப்பும் தண்ணீர்க் குழாயும் உண்டு. சுகாதார சாஸ்திரம் கேட்கும் லட்சணங்களில் குறை சொல்ல இடமில்லை. அதே சமயம், ரிவர்சைடு என்ற மற்றொரு சேரியில் இருந்த 289 குடும்பங்கள், 1,298 பேர், பழைய சந்துகளிலேயே விடப்பட்டனர்.

ஒரு பகுதியாரை மாற்றி, அவர்களை ஒத்த மற்றொரு பகுதியாரை மாற்றாமல் விட்டு, இருவரையும் ஐந்து ஆண்டுகள் கவனிப்பது என்பது, எந்த விஞ்ஞானியும் வேண்டுமென்றே ஏற்பாடு செய்யத் துணியாத பரிசோதனை. தற்செயலாக நேர்ந்த அப்பரிசோதனையின் மதிப்பைக் கண்டுகொண்டவர், நகரத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் மக்கோனிகிள். சேரி ஒழிந்ததால் மரணம் குறைந்திருக்கும், எண்களும் அதையே காட்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. கணக்கு வேறு விதமாக முடிந்தது. ஜனங்களின் வயது வேற்றுமைக்குத் தக்கபடி திருத்திய மரண விகிதம், மாற்றப்பட்டவர்களிடையே, 1923 முதல் 1927 வரை ஆயிரத்துக்கு 22.91 ஆக இருந்தது, 1928 முதல் 1932 வரை 33.55 ஆக உயர்ந்திருந்தது. கிட்டத்தட்ட 46 சதவிகித ஏற்றம். பழைய சேரியிலேயே கிடந்தவர்களின் விகிதமோ 26.10-லிருந்து 22.78 ஆகக் குறைந்திருந்தது. நல்ல வீட்டுக்குப் போனவர்கள் அதிகமாக இறந்தார்கள். கெட்ட வீட்டில் இருந்தவர்கள் குறைவாக இறந்தார்கள்.

மக்கோனிகிள் இதை உடனே நம்பிவிடவில்லை. வீட்டின் அமைப்பில் குற்றம் உண்டா, தொற்றுநோய் ஏதாவது அந்தக் குடியிருப்பை மட்டும் தாக்கியதா, நோயாளிகள் அதிகமாக வந்து சேர்ந்தார்களா என்று ஒவ்வொரு காரணமாக எடுத்து ஆராய்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் எஞ்சியது ஒரே வேற்றுமை. ஹவுஸ்வைஃப் லேனில் வாரத்துக்குச் சராசரி 4 ஷில்லிங் 8 பென்ஸாக இருந்த வாடகை மவுண்ட் பிளசன்டில் 9 ஷில்லிங் ஆகியிருந்தது. அந்த அதிகச் செலவு எங்கிருந்து வந்தது என்று குடும்பங்களின் செலவுக் கணக்கை வாங்கிப் பார்த்தபோது, உணவிலிருந்துதான் வந்தது என்பது ஐயமற விளங்கிற்று. 1933-இல் லண்டன் ராயல் மருத்துவ சங்கத்தின் முன் அவர் இதை வாசித்தார். பின்னர் 1936-இல், ஜே. கிர்பி என்பவருடன் சேர்ந்து ஒரு நூலாகவும் விரித்து எழுதினார்.

அந்த 4 ஷில்லிங் 4 பென்ஸ் வித்தியாசம் அற்பமென்று தோன்றலாம். 1931-இல் பிரிட்டிஷ் சர்க்கார் வேலையில்லாதோர் உதவித் தொகையைக் குறைத்தபின், கணவன், மனைவி, மூன்று குழந்தைகளுக்கு வாரம் கிடைத்தது 29 ஷில்லிங் 3 பென்ஸ். அக்காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் குழு, வயது வந்த ஓர் ஆண்மகன் உடல் தளராமல் இருப்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த உணவின் விலை வாரத்துக்கு 5 ஷில்லிங் பத்தரைப் பென்ஸ் என்று மதிப்பிட்டிருந்தது. வாடகை ஏற்றம் இத்தொகையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆகவே, ஐவர் உண்ட பந்தியிலிருந்து ஒருவரின் இலையை முக்காலளவு வெறுமையாக்கிய கணக்காயிற்று.

இந்த ஆராய்ச்சிக்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. எழுநூற்றுச் சொச்சம் பேரின் ஐந்தாண்டு மரணக் கணக்கு சிறிய கணக்கே. உலகமெங்கும் தொழில் முடங்கிய காலமும் அதுவே. அத்தகைய கணக்கில் தற்செயலின் விளையாட்டு ஓரளவு புகுந்திருக்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் வேலையின்மை இரு பகுதியாரையும் வாட்டிற்று. வாடகை ஏற்றம் ஒரு பகுதியாரைத்தான் வாட்டிற்று. ஒரு வேடிக்கை: அந்நாளில் ஸ்டாக்டனின் பாராளுமன்ற உறுப்பினர் ஹரால்ட் மக்மில்லன். அவரே 1951-இல் வீட்டு வசதி மந்திரியாகி, ஆண்டுக்கு மூன்று லட்சம் வீடு கட்டுவதாகச் சொல்லி அதை நிறைவேற்றியும் காட்டினார். வீடு கட்டுவது ஒரு பிரச்சினை, கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டே உண்ணவும் முடிவது மற்றொரு பிரச்சினை என்பதைத் தம் தொகுதியிலேயே அறியும் வாய்ப்பு அவரைப் போல வேறு மந்திரிகளுக்குக் கிடைத்திராது.

இனி, வாடகைக்கும் உணவுக்கும் இயல்பிலேயே உள்ள வேற்றுமையைச் சற்று நின்று ஆராய வேண்டும். விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. வாடகை பகுபடாத செலவு. இந்த மாதம் கை இறுக்கமாக இருக்கிறது என்பதற்காக முக்கால் வீட்டில் குடியிருந்து முக்கால் வாடகை கொடுக்க முடியாது. அதற்குத் தேதி உண்டு. தேதி தவறினால் தண்டனையும் உண்டு. தண்டனையின் முடிவில் சாமான்கள் தெருவுக்கு வரும், குழந்தையின் பள்ளிக்கூடம் மாறும், சில சமயம் உத்தியோகமும் போகும். உணவோ எவ்வளவு வேண்டுமானாலும் பகுபடும். முட்டையை நிறுத்தலாம், பாலில் நீர் சேர்க்கலாம், காய்கறியை விட்டு ரொட்டியோடு முடிக்கலாம், தாய் தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிடலாம். கடன்காரர்கள் எல்லாருள்ளும் வழக்குத் தொடுக்காத ஒரே கடன்காரன் வயிறு. ஆகையால் அதன் பாக்கிதான் எப்போதும் கடைசியில் தீர்க்கப்படுகிறது. இப்படிச் செய்யும் குடும்பம் அறிவீனமாக நடக்கவில்லை. வீடு போனால் எல்லாம் போகும், ஒரு வேளை உணவு போனால் அந்த வேளை மட்டும் போகும் என்று மிகவும் சரியாகவே கணக்குப் போட்டு நடக்கிறது. ஆனால் அந்த ஒரு வேளை மாதந்தோறும் திரும்பி வருவதுதான் கேடு.

இன்று இதன் மிகப் பெரிய உதாரணம் அமெரிக்கா. 1960-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு இலாகாவில் பணிபுரிந்த மோலி ஆர்ஷான்ஸ்கி என்ற அம்மையார், குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுவதாக 1955-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து கண்டு, சிக்கனமான உணவின் விலையை மூன்றால் பெருக்கி வறுமைக் கோட்டை வகுத்தார். விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தப்பட்டாலும் அதிகாரபூர்வமான கோடு இன்றும் அதுவே. ஆனால் குடும்பத்தின் செலவு தலைகீழாகிவிட்டது: 2023-இல் சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் செலவில் உணவின் பங்கு ஏறக்குறைய 13 சதவிகிதம், வீட்டின் பங்கு 33 சதவிகிதம். நியூயார்க்கில் வாடகைக்கு இருப்பவனுக்கும் மிசிசிப்பியின் கிராமத்தில் இருப்பவனுக்கும் கோடு ஒன்றே; வாடகையின் வேற்றுமை அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வருமானத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வீட்டுக்குப் போனால் அதைப் பாரம் என்றும், ஐம்பதுக்கு மேல் போனால் கடும் பாரம் என்றும் அங்கே கொள்வது மரபு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீட்டு வசதி ஆய்வு மையத்தார் 2022-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கின்படி, வாடகைக் குடும்பங்களில் பாதி, அதாவது 2 கோடியே 24 லட்சம், முதற் பாரத்தைச் சுமந்தன. அவற்றுள் 1 கோடியே 21 லட்சம் கடும் பாரத்தின்கீழ் இருந்தன. அதே தேசத்தின் விவசாய இலாகா, உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா, பணமின்மையால் உண்ணும் அளவைக் குறைத்தீர்களா என்பன போன்ற கேள்விகளைக் கேட்டு ஆண்டுதோறும் எடுத்து வந்த கணக்கில், 2023-இல் நூற்றுக்கு 13.5 குடும்பங்கள் உணவு நிச்சயமில்லாத குடும்பங்கள் என்று கண்டது. உலகிலேயே அதிகமாகத் தானியம் ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்றின் நிலை இது.

வாடகை கொடுத்தபின் வீட்டை வாழத்தக்கதாக வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. பனிக்காலத்தில் கடுங்குளிர் வந்தால் ஏழைக் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பதை நான்கு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். எரிபொருளுக்கு எவ்வளவு அதிகமாகச் செலவிட்டார்களோ, ஏறக்குறைய அவ்வளவே உணவில் குறைத்தார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் உட்கொண்ட கலோரி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. செல்வர் வீடுகளிலோ குளிர் வந்தபோது உணவுச் செலவு குறையவில்லை.

உணவு சுருங்கும்போது உடம்பில் நிகழ்வதும் நாம் சாதாரணமாக நினைப்பது போல் இருப்பதில்லை. வயிறு காலியாக இருப்பது அபூர்வம். மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மலிவு. அவற்றால் வயிற்றை நிரப்பிவிடலாம். முதலில் போவது புரதம், இரும்பு, பழம், கீரை. ஆகையால் பருத்த சரீரமும் போஷணைக் குறைவும் ஒரே ஆளிடம் குடியிருக்கக் கூடும், பார்ப்பவர் ஏமாந்துபோவார். குழந்தைக்கு இரும்புச் சத்து குறைந்தால் ரத்தம் மட்டுமின்றி மூளையின் வளர்ச்சியும் குன்றுகிறது. இதில் ஒரு கொடிய பொருத்தம் உண்டு. இரும்புச் சத்துக் குறைந்த குடல், ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் ஈயம் கலந்த வர்ணம் பூசியிருப்பதும், ஏழைகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அத்தகைய பழைய வீடுகளே என்பதும் யாவரும் அறிந்தவை. வாடகை குழந்தையின் உணவைக் குறைக்கிறது. குறைந்த உணவு, அந்த வீட்டின் விஷத்துக்கே குழந்தையின் உடம்பைத் திறந்துவிடுகிறது. பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் 1990-களில் செய்த ஓர் ஆராய்ச்சியில், சர்க்கார் வாடகை உதவி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளைவிட, அதே உதவிக்கு மனுச் செய்து காத்திருந்த குடும்பங்களின் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைவு மிக அதிகமாகக் காணப்பட்டது.

பெரியவர்களிடம் இது காலண்டரைப் பின்பற்றி வருகிறது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் உணவைக் குறைத்தால் ரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரும். கலிபோர்னியாவின் ஆஸ்பத்திரிக் கணக்குகளை ஆராய்ந்த ஹிலரி செலிக்மன் முதலிய வைத்தியர்கள், இக்காரணத்தால் வந்து சேரும் ஏழை நோயாளிகளின் எண்ணிக்கை மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவிகிதம் அதிகம் என்றும், உயர்ந்த வருமானம் உள்ளவர்களிடம் அப்படி ஓர் ஏற்றத்தாழ்வு இல்லை என்றும் 2014-இல் எழுதினார்கள். மாத ஆரம்பத்தில் வந்த பணமும் உணவு உதவியும் வாடகைக்கும் கடைக்கும் போய்க் கரைந்தபின் வருவதே அந்தக் கடைசி வாரம்.

உணவு உதவி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் உதவியின் கணக்கே வாடகையிடம் தோற்றுவிடுகிறது. அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்தில், வருமானத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்குச் செலவானால் அந்த மிகுதியைக் கழித்து உதவியை உயர்த்துவதற்கு விதி உண்டு. ஆனால் முதியோரோ அங்கவீனரோ இல்லாத குடும்பங்களுக்கு அக்கழிவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வாடகை அந்த வரம்பைத் தாண்டியபின் ஏறும் ஒவ்வொரு டாலரையும் குடும்பம் தானே தாங்க வேண்டும். பிரிட்டனில் தனியார் வீடுகளில் இருக்கும் ஏழைகளுக்குக் கொடுக்கும் வாடகை உதவியின் அளவை 2016 முதல் நான்கு ஆண்டுகள் ஏற்றாமல் நிறுத்தி வைத்தார்கள். 2020-இல் சந்தை வாடகையோடு மீண்டும் பொருத்திவிட்டு, உடனே 2024 வரை மறுபடியும் நிறுத்தினார்கள். வாடகை அந்த ஆண்டுகளில் நிற்கவில்லை. அந்த நாட்டிலேயே வறுமையை வீட்டுச் செலவுக்கு முன், வீட்டுச் செலவுக்குப் பின் என்று இரண்டு விதமாகக் கணக்கிட்டு வெளியிடும் நல்ல வழக்கம் இருக்கிறது; 2022-23-இல் முதற் கணக்கின்படி நூற்றுக்கு 17 பேரும், இரண்டாவதன்படி 21 பேரும் ஏழைகள். வீட்டுச் செலவைக் கழித்தவுடன் புதிதாக ஏழைகளாகும் அந்த நால்வரை, வருமானத்தை மட்டும் கேட்டறியும் அதிகாரி காண்பதே இல்லை.

வீட்டுச் செலவு என்பது வாடகைச் சீட்டில் எழுதிய தொகை மட்டும்தான் என்றும் கொள்ளலாகாது. கூவம், அடையாற்றின் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்ட சென்னைக் குடும்பங்களுக்குக் கிடைத்தவை கல்வீடுகளே. ஆனால் வீட்டு வேலை செய்த பெண்களுக்கும் சுமை தூக்கிய ஆண்களுக்கும் பிழைப்பு இருந்த இடம் பல மைல்களுக்கு அப்பால் போய்விட்டது. போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் வாடகையின் மற்றொரு ரூபம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு அளித்த இலவசப் பயணத்தை, ஆகையால், ஓர் உணவுத் திட்டமாகவே நான் கருதுகிறேன்.

வாடகையைக் குறைத்தால் பசி குறையுமா என்பதை நேரே பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க வீட்டு வசதி இலாகா, 2010 முதல் 2012 வரை, பன்னிரண்டு பிரதேசங்களில் வீடற்றோர் விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 2,300 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்து, சிலருக்கு நிலையான வாடகை உதவியும், சிலருக்குத் தற்காலிக உதவியும், சிலருக்கு வழக்கமாகக் கிடைப்பதை மட்டும் கொடுத்து, பல மாதங்கள் கவனித்தது. நிலையான வாடகை உதவி பெற்றவர்கள் மீண்டும் வீடிழப்பது வெகுவாகக் குறைந்தது. ஒரு பிடி அரிசிகூட உதவியாகக் கொடுக்காமலே, உணவு நிச்சயமின்மையும் அவர்களிடம் குறைந்தது. சம்பாதித்த பணத்தில் முப்பது சதவிகிதத்தை மட்டும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு எஞ்சியதைக் குடும்பம் தன் இஷ்டப்படி செலவிட இடம் கிடைத்தபோது, அது முதலில் செலவிட்ட இடங்களுள் ஒன்று சமையலறை. மருந்து இன்னதென்று தெரிந்திருக்கிறது, அளவும் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் அந்த உதவிக்குத் தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்ற மூன்றுக்கும் கிடைப்பதில்லை; பட்டியலில் பெயர் எழுதிய குடும்பங்கள் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கின்றன.